ஞாபக சக்தியா, கணக்குத் திறனா: பத்தாம் வகுப்புக்குப் பிறகு எதை நம்பி குரூப் எடுப்பது?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி வராந்தாவில் பெற்றோர் வந்து நின்றுவிடுவார்கள். செல்போனில் மதிப்பெண் பட்டியல், பக்கத்தில் தலையைக் குனிந்தபடி பிள்ளை. “மிஸ், இவளுக்கு ஒரு தடவ படிச்சா அப்படியே மனசுல நின்னுரும். நீட்டுக்குப் போடலாமா?” என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர், “கணக்குல நல்லா வர்றான் மிஸ். ஆனா தமிழும் சோசியலும் ஏறவே மாட்டேங்குது. ஃபர்ஸ்ட் குரூப் தாங்குவானா?” என்பார். இருபத்தாறு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். இந்த இரண்டு கேள்விகளும்தான் வருடா வருடம் முகம் மாறி வருகின்றன.

வராந்தாவில் நின்றபடி அவசரமாகச் சொல்லும் பதில் ஒரு பிள்ளையின் ஐந்தாறு வருடத்தைத் தின்றுவிடும். அப்படி ஒரு தவறான பதிலை நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், பிள்ளையிடம் இருப்பது ஞாபக சக்தியா கணக்குத் திறனா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

நூற்றுக்கு நூறு என்ன சொல்கிறது?

பத்தாம் வகுப்பு கணக்குத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. ஆக 100. எட்டு மார்க் இரண்டும் வடிவியலும் வரைபடமும். எந்தெந்த மாதிரி வரும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜனவரியிலிருந்து தினம் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் கை தானாக வரைந்துவிடும். ஒரு மார்க்கில் பெரும்பகுதி புக் பேக், அதாவது புத்தகத்தில் பாடத்தின் முடிவில் இருக்கும் கேள்விகள். கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததுமே, கணக்கைப் போடாமலே, மூன்றாவது விடை என்று குறிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கிறேன். ஐந்து மார்க் கணக்குகளையும் படிப்படியாக மனப்பாடம் செய்தவர்கள் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்து செய்த உழைப்பு அது. ஆனால் அப்படி வாங்கிய 97-ஐ வைத்து “கணக்கு நன்றாக வரும்” என்று முடிவு கட்டினால், ப்ளஸ் ஒன்னில் முக்கோணவியலும் வகைநுண்கணிதமும் வரும்போது பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். “ரெண்டு எண்ணைக் கூட்டினா 15, பெருக்கினா 56. என்னென்ன எண்?” என்று கேளுங்கள். பத்தாவது முடித்த பிள்ளை 7, 8 என்று சொல்லிவிடும். நான்கைந்து நாள் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது இப்படிக் கேளுங்கள்: “ஒரு செவ்வகத் தோட்டத்தைச் சுத்தி வேலி போட 30 மீட்டர் கம்பி ஆச்சு. தோட்டத்தோட பரப்பு 56 சதுர மீட்டர். நீளம் என்ன, அகலம் என்ன?” இரண்டும் ஒரே கணக்கு. சுற்றளவில் பாதி 15, பரப்பு 56. “அன்னிக்குக் கேட்ட அதே கணக்குதானே” என்று பிள்ளை சொன்னால், பத்தாவதில் 70 வாங்கியிருந்தாலும் கணக்குத் திறன் இருக்கிறது. “இந்த மாடல் சம் நடத்தவே இல்லையே” என்று சொன்னால், 97 வாங்கியிருந்தாலும் அந்த மதிப்பெண்ணைத் தாங்கி நின்றது நினைவுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஞாபக சக்திக்கும் இதுபோல ஒரு சோதனை உண்டு. நேற்றுப் படித்ததைக் கேட்காதீர்கள். ஆகஸ்டில் படித்த பாடத்தை, முன்னறிவிப்பு இல்லாமல், மே மாதத்தில் கேளுங்கள். ஒரு இரவுக்குள் இருபது பக்கம் ஏற்றி, காலையில் இறக்கிவைத்துவிட்டு, மாலைக்குள் மறந்துவிடுகிற பிள்ளைகள் ஏராளம். ஒன்பது மாதம் கழித்தும் தன் சொந்த வார்த்தையில் சொல்ல முடிகிற பிள்ளைக்குத்தான் உண்மையான நினைவு வலிமை இருக்கிறது. நீட், சட்டம், டிஎன்பிஎஸ்சி எல்லாம் கேட்பது இந்த இரண்டாவது வகையை.

நினைவு வளரும், ஆனால் ஓரிடத்தில்தான் வளரும்

“இவனுக்கு ஞாபக சக்தி கிடையாது” என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அதே பையன் கிரிக்கெட் ஸ்கோரை மேட்ச் வாரியாக ஒப்பிப்பான்.

நினைவைப் பற்றி நம்பிக்கை தருகிற ஒரு பரிசோதனை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்தது. முடிவு 1980-இல் வெளியானது. சாதாரண நினைவுள்ள ஒரு கல்லூரி மாணவன், நொடிக்கு ஒன்றாக வாசிக்கப்படும் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஏழு எண் வரைதான் அவனால் முடிந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல், சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு ஏறத்தாழ 80 எண் வரை சொன்னான். அவன் ஓட்டப்பந்தய வீரன். கேட்கும் எண்களை மூன்று நான்காகச் சேர்த்து, ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி மனதில் அடுக்கிக்கொண்டான். இதோடு முடிந்திருந்தால் நல்ல செய்திதான். அதற்கடுத்து எண்களுக்குப் பதில் எழுத்துகளை வாசித்தார்கள். பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டான்.

இதில் பெற்றோருக்கு இரண்டு பாடம் இருக்கிறது. நினைவு பிறவியில் வாங்கி வந்த வரம் மட்டும் அன்று, வழி தெரிந்தால் யாருக்கும் வளரும். ஆனால் ஒரு விஷயத்தில் வளர்த்த நினைவு அடுத்த விஷயத்துக்குத் தானாகத் தாவாது. திருக்குறள் முழுவதையும் ஒப்பிக்கிற குழந்தை, அதனாலேயே வேதியியல் சமன்பாடுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று நம்பி முடிவெடுத்துவிடக் கூடாது.

சதுரங்கத்திலும் இதைக் காட்டியிருக்கிறார்கள். நடுவில் நிறுத்திய ஒரு ஆட்டத்தை ஐந்து நொடி மட்டும் காட்டி, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் சரியாக அடுக்கிவிடுவார். புதிதாகக் கற்றவர் நாலைந்து காயோடு நின்றுவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 1973-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு இது. அந்த ஆட்டக்காரரின் நினைவு ஆட்டத்தைப் புரிந்துகொண்டதில் முளைத்தது. என் வகுப்பிலும் தினமும் இதையே பார்க்கிறேன். வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிள்ளைக்கு அது மறப்பதில்லை. மறந்தாலும் இரண்டு நிமிடத்தில் வருவித்துக்கொள்ளும்.

நினைவு மட்டுமே அளவுக்கு மீறி இருந்தால் என்ன ஆகும்? ரஷ்ய உளவியலாளர் லூரியா, 1920-களிலிருந்து பல வருடம் ஷெரஷெவ்ஸ்கி என்ற பத்திரிகையாளரை ஆராய்ந்தார். நீண்ட எண் அட்டவணைகளைப் பல ஆண்டு கழித்தும் பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர். ஒருமுறை 1 2 3 4, அடுத்த வரியில் 2 3 4 5, அதற்கடுத்து 3 4 5 6 என்று போகும் அட்டவணையைக் கொடுத்தார்கள். ஒரு ஒழுங்கு இருக்கிறது என்பதையே கவனிக்காமல், மற்ற அட்டவணைகளைப் போலவே ஒவ்வொரு எண்ணாக மனதில் பதித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்த்ததும் பிடித்துவிடும் ஒழுங்கு அது. கணக்குத் திறன் என்பது அந்த ஒழுங்கைப் பார்க்கிற கண். நினைவு எத்தனை பெரிதானாலும் அந்தக் கண்ணுக்கு ஈடாகாது.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கை நம் கும்பகோணத்தில் நடந்தது. 1904-இல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர வேறு பாடங்களில் மனம் செலுத்தாததால் தேர்ச்சி பெறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்தும் எஃப்.ஏ. என்ற அந்நாளைய இடைநிலைத் தேர்வு எழுதித் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜுக்கு வழி திறந்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அவருக்கு நினைவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1729 என்ற எண்ணை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று நோயில் படுத்திருந்தபோது சட்டென்று சொன்னவர் அவர். அவருடைய நினைவு ஆசை இருந்த இடத்துக்குப் போயிற்று, உடலியங்கியல் பாடத்துக்குப் போகவில்லை. பிள்ளையின் ஞாபக சக்தியை எடைபோடும்போது, எந்தப் பாடத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கணக்கு ஏன் கூடுதல் எச்சரிக்கை கேட்கிறது?

சமூக அறிவியலில் நான்காம் பாடத்தை விட்டுவிட்ட பிள்ளை ஒன்பதாம் பாடத்தைப் படித்துவிடலாம். கணக்கில் முடியாது. ஆறாம் வகுப்பில் பின்னம் பிடிபடாமல் போனால் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் ஆடும், பத்தாவதில் விகிதமுறு கோவை பயமுறுத்தும், ப்ளஸ் டூவில் தொகைநுண்கணிதம் புரியாது. என்னிடம் வரும் பிள்ளைக்கு ப்ளஸ் டூ கணக்கில் பிரச்சினை என்பார்கள். தோண்டிப் பார்த்தால் பத்துக்கு ஏழு பேருக்குப் பின்னத்திலும் குறி எண்ணிலும்தான் நோய் இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு கோடை விடுமுறை முழுவதும் வேண்டும், சிலருக்கு இரண்டு.

கிரெக் டங்கன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆறு பெரிய தரவுத்தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளியில் சேரும்போது குழந்தைக்கு இருந்த எண்ணறிவுதான் பிற்காலப் படிப்பை மிக வலுவாக முன்கூட்டிக் காட்டியது. வாசிப்பு அதற்கடுத்து வந்தது. எண்ணறிவே காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. என்றாலும் சிறு வயதில் எண்களோடு பழகுவதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு இது போதும்.

ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதும் எனக்குச் சம்மதமில்லை. நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி உருப்போட்டார்கள். அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கெல்லாம் பெயர். முந்திரி 320-இல் ஒன்று. இப்படி மனதில் ஏறிய வாய்ப்பாடு நெல்லளக்கும் இடத்திலும் நிலமளக்கும் இடத்திலும் கணக்காக வெளிவந்தது. நினைவு நாற்றங்கால், கணக்கு வயல் என்ற ஏற்பாடு. 1907-இல் சென்னையில் நூறு விஷயங்களை ஒரே சமயத்தில் மனதில் தாங்கிச் சதாவதானி பட்டம் பெற்ற கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரை நாம் இன்றும் கொண்டாடுகிறோம். அவதானக் கலையில் சொல்லும் உண்டு, கவியும் உண்டு, கணக்கும் உண்டு.

இன்றைய வகுப்பறையிலும் அப்படியே. ஏழு எட்டு எவ்வளவு என்று விரல் விடுகிற பிள்ளைக்கு, இருபடிச் சமன்பாட்டின் நடுவில் எந்த அடியில் நிற்கிறோம் என்பது மறந்துபோகும். மனதில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியது மிகச் சில விஷயங்களைத்தான். பெருக்கல் வாய்ப்பாடு தானாக வந்தால் அந்த இடம் யோசிப்பதற்கு மிச்சமாகும். செல்போனில் கால்குலேட்டர் இருக்கும்போது வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

அப்படியானால் எந்த குரூப்?

நினைவு நன்றாக நிற்கிறது, கணக்கு தோட்டக் கேள்வியில் தடுமாறுகிறது என்றால், கம்ப்யூட்டர் சயின்ஸோடு கணக்கு இருக்கிற குரூப்பில் தள்ளாதீர்கள். பொறியியல் கட் ஆஃப் 200-க்குப் போடுகிறார்கள். அதில் கணக்குக்கு 100, இயற்பியல் வேதியியலுக்குத் தலா 50. பலவீனமான பாடத்துக்குப் பாதி எடை கொடுத்துக் களத்தில் இறக்குவதாகும். அதற்குப் பிறகு நான்கு வருடம் பொறியியல் கணிதத் தாள்கள் அரியராகச் சேரும் வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது ப்யூர் சயின்ஸும் நீட்டும். இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிப்பதில்லை. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். உயிரியலில் 90 கேள்வி, 360 மதிப்பெண். பாடப்புத்தக வரிகளை ஆழமாக மனதில் வைத்திருப்பவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் இயற்பியலில் 45 கேள்வி, 180 மதிப்பெண், அத்தனையிலும் கணக்கின் வாசம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். உயிரியலில் எல்லோரும் அருகருகே நிற்பார்கள், அரசுக் கல்லூரி இடம் இயற்பியலில் பிரியும். ப்யூர் சயின்ஸ் எடுத்தால் கணக்குப் பாடம் இல்லாமலே வெக்டரையும் நுண்கணிதத்தையும் இயற்பியலுக்காகத் தனியாகக் கற்க வேண்டும். நினைவு வலிமையை நம்பி நீட்டுக்குப் போகிறவர்கள், முதல் நாளிலிருந்து தினம் ஒரு மணி நேரத்தை இயற்பியல் கணக்குக்கு ஒதுக்க வேண்டும். அது முடியாதென்றால் நர்சிங் போன்ற படிப்புகளை முதல் விருப்பமாகவே நினைக்கலாம். இரண்டு வருடம் ரிப்பீட்டராக உட்கார்ந்து எழுந்த பிறகு சோர்வோடு அங்கே போவதைவிட இது எவ்வளவோ மேல்.

மருத்துவமும் முழுக்க மனப்பாடம் என்று நினைக்க வேண்டாம். உடற்கூறியலில் தொடங்கும் பெயர்களின் கடல் உண்மை. குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது எடையைக் கிலோவில் எடுத்து, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று பெருக்கி, பாட்டிலில் எத்தனை மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று வகுத்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு மருந்து.

வரலாறு, பொருளியல் இருக்கும் குரூப்பைக் கடைசிப் படியாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். நினைவும் மொழியும் சேர்ந்த பிள்ளைக்குச் சட்டம், ஆசிரியப் பணி, அரசுத் தேர்வுகள் எல்லாம் அங்கிருந்து நேராகப் போகின்றன. சட்டத்தை விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1-ஆம் தேதி 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 என்று ஊரே அறிந்திருந்த பிரிவு 103 ஆனது. பேச்சுவழக்கில் பெயராகவே மாறிப்போன 420, இப்போது 318-க்குள் இருக்கிறது. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். எந்தக் குற்றத்துக்கு என்னென்ன கூறுகள் வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தவர்கள் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

கணக்கு வருகிறது, மற்ற பாடம் ஏறவில்லை என்றால் கணக்கு இருக்கும் குரூப்பைத் தயங்காமல் கொடுங்கள். மொத்தம் 500-க்கு 330 என்று பார்த்துவிட்டு, “இவ்வளவு குறைஞ்ச மார்க்குக்கு ஃபர்ஸ்ட் குரூப் எதுக்கு?” என்று பள்ளியிலேயே சொல்வார்கள். கொஞ்சம் போராடிப் பாருங்கள். என் மாணவன் ஒருவன் அப்படி வந்தவன். செய்யுள் மனப்பாடப் பகுதியில் நான்கு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிடும். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வாசிக்காதே, புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார், விட்டதை மட்டும் திறந்து பார், மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அதையே செய். படித்ததை மறுபடி வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ப்ளஸ் டூவில் தமிழில் 81 வாங்கினான். புள்ளியியல் படித்து, இப்போது பெங்களூரில் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கிறான்.

இரண்டும் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு, உயிரியலும் கணக்கும் சேர்ந்த பயோ மேத்ஸ். அங்கே யோசிக்க அதிகம் இல்லை. ஆனால் “ரெண்டு கதவும் திறந்திருக்கட்டுமே” என்று ஒரு பக்கம் மட்டும் வலுவான பிள்ளைக்கு பயோ மேத்ஸ் கொடுப்பது பெரும் சுமை. ஒரு காலில் ஓடுகிறவரைத் தலையிலும் மூட்டை சுமக்கச் சொல்வது போல.

காமர்ஸைப் பற்றிப் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. கணக்கு வராதவர்களின் புகலிடம் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். கணக்குப்பதிவியல் ஒழுங்கு பார்க்கிற கண்ணைக் கேட்கும் பாடம். சிஏ ஃபவுண்டேஷனில் இருக்கும் நான்கு தாளில் ஒன்று, 100 மதிப்பெண்ணுக்கு, வணிகக் கணிதமும் தர்க்கமும் புள்ளியியலும்தான். சிஏ எண்ணம் இருந்தால் பிசினஸ் மேத்ஸ் உள்ள பிரிவையே கேட்டு வாங்குங்கள்.

சரி, சோதித்துப் பார்த்தும் எது வலு என்று தெரியவில்லை, இரண்டும் நடுத்தரம். அப்போது என் சாய்வு கணக்கின் பக்கம். கணக்கை எடுத்துப் படித்துவிட்டுப் பிறகு பி.காமுக்கோ, வரலாற்றுக்கோ, சட்டத்துக்கோ போகலாம். ப்ளஸ் டூவில் கணக்கை விட்டவர் பொறியியலுக்கோ கட்டடக்கலைக்கோ பி.எஸ்சி. கணிதத்துக்கோ திரும்புவது ஏறக்குறைய முடியாது. தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்விலும் 900-இல் 300 கணக்குக்குத்தான். நினைவை இருபத்தைந்து வயதிலும் பழக்கத்தால் வளர்த்துக்கொள்ளலாம். கணக்கின் அடித்தளத்தை அந்த வயதில் போட, பள்ளியில் கிடைத்த நேரமும் பக்கத்தில் உட்கார ஆளும் கிடைப்பதில்லை. பிள்ளை கணக்கு என்றதும் கை நடுங்குகிறது என்றால் இந்தச் சாய்வும் செல்லாது. பயத்தோடு இரண்டு வருடம் படிப்பதில் எந்தக் கதவும் திறக்காது.

டிகிரிக்குப் பிறகும் இதே கேள்வி

பட்டம் முடித்தவர்கள் எல்லாத் தேர்வுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து, எதிலும் ஊன்றாமல் வருடத்தை இழக்கிறார்கள். தேர்வுகளின் உடற்கட்டே வேறு வேறு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவும் மனக்கணக்கும் 25. ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர்ப் புத்தகங்களை வரி வரியாகத் தாங்கக்கூடியவருக்கு இது சொந்த மண். அந்த 25-ஐ விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதன் எடை 37.5 மதிப்பெண், ஒரு மதிப்பெண்ணுக்குள் ஆயிரக்கணக்கானோர் நிற்கும் தேர்வு இது. வங்கித் தேர்வின் முதல்நிலையோ ஒரு மணி நேரத்தில் 100 கேள்வி, அதில் பெரும்பகுதி எண்கணக்கும் காரணவியலும். மனப்பாடத்துக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. ஐஏஎஸ் முதல்நிலையில் முதல் தாளுக்கு மலையளவு படித்தவர்கள், தகுதிக்கு மட்டும் என்று வைத்திருக்கும் இரண்டாம் தாளில் 200-க்கு 66 எடுக்க முடியாமல் வெளியேறுவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. தன் வலு எது என்று தெரிந்தவர் ஒரு வகைத் தேர்வை முதன்மையாக வைத்து, பலவீனமான பகுதிக்குத் தினம் நாற்பது நிமிடம் கொடுத்தால் போதும்.

இப்போது அந்தப் பெண். பத்தாவதில் கணக்கில் 98. அம்மா தனியாக வளர்த்த பிள்ளை. காமர்ஸ் கேட்டுத்தான் வந்தார்கள். 98 எடுத்துவிட்டு ஏன் காமர்ஸ் என்று நான்தான் அவளைக் கணக்கு குரூப்புக்கு மாற்றினேன். தோட்டக் கேள்வியை அன்று நான் கேட்டிருக்கவில்லை. ப்ளஸ் ஒன் காலாண்டில் கணக்கில் 31. அதுவரை எதிலும் தோற்காத பெண், வகுப்பில் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். குரூப் மாற்றிக்கொள்ளச் சொன்னபோது, தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று மறுத்தாள். ப்ளஸ் டூவில் கணக்கில் 52. அந்த இரண்டு வருடமும் அவள் பட்ட பாட்டில் என் பங்கு பெரியது. அதன் பிறகுதான் எந்தப் பிள்ளையிடமும் மதிப்பெண்ணைப் பார்த்து மட்டும் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அவள் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். படிப்பில் பழைய வெளிச்சம் திரும்ப வந்தது. குரூப் 4 எழுதி, இரண்டாவது முயற்சியில் கிராம நிர்வாக அலுவலரானாள். கிராமத்தின் சர்வே எண்கள், உட்பிரிவுகள், யார் பட்டா யார் அனுபவத்தில் என்பதெல்லாம் அடங்கல் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்வாள் என்று அங்குள்ளவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

போன மாதம் போன் செய்தாள். பாகப்பிரிவினைக்கு வந்த ஒரு பெரியவரிடம், 32.5 ஏர் நிலம் எத்தனை சென்ட் என்று சொல்ல வேண்டியிருந்ததாம். ஒரு ஏருக்கு 2.47 சென்ட். “செல்போன்ல சார்ஜ் இல்ல மிஸ். ரெண்டரையால பெருக்கினேன், 81.25 வந்துச்சு. கூடுதலா பெருக்குன 0.03-க்கு ஒண்ணுக்குக் கொஞ்சம் குறைவா வருது, அதக் கழிச்சா 80 சென்ட்டும் கொஞ்சமும். சரிதானே?” என்றாள். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 80.275.